தாலி கட்டும் இடத்தில் ஒரு முகம்

போன வருஷம் கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் சினிமா வகுப்பு ஒன்று நடந்தது. நடிக்கக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு இல்லை. ஒரு படம் நமக்குள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிற வகுப்பு. சினிமாக் கோட்பாட்டின் அடிப்படைகள் என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், குறும்படம் எடுக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு நடுவே முழங்கால் வலியோடு நான்.

வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க யார்கூட வந்தீங்க?" என்று கேட்டாள்.

"எங்கூடத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், இருபது வருஷத்துக்கு மேல் படம் ஒட்டியவள் நான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவார். நான் கடையில் உட்கார்ந்து மிக்சிங் பண்ணுவேன். அவர் எடுத்து வந்த கேசட்டை ஒரு டெக்கில் போட்டு, வேண்டியதை மட்டும் பொறுக்கி, இன்னொரு டெக்கில் இருக்கிற புதுக் கேசட்டில் ஏற்ற வேண்டும். நடுவே பாட்டு, பறக்கிற இதயம், வெற்றிலை வடிவத்தில் திறக்கிற படம் எல்லாம் போட வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கித் தப்பு செய்து கற்றுக்கொண்டதுதான்.

வகுப்பெடுத்தவர் வெளியூர்க்காரர், பொறுமையான மனிதர். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் வளர்த்த பிள்ளைகளுக்கெல்லாம் யாரோ வந்து பெயர் வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

முதலில் சட்டகம் பற்றிச் சொன்னார். கேமரா நாலு பக்கமும் ஒரு கோடு போடுகிறது, கோட்டுக்கு உள்ளே இருப்பதைப் போலவே வெளியே விடப்பட்டதும் முக்கியம் என்றார். எனக்கா தெரியாது? "அந்தப் பக்கம் திருப்பாதீங்க, அவங்க நம்ம ஆளுங்க இல்ல." "பந்தியில கடைசி வரிச வேணாம், உட்டுடுங்க." "மாமியார ரெண்டு நிமிசம் ஜாஸ்தியா காட்டுங்க, இல்லன்னா எங்க வூட்ல குடித்தனம் நடக்காது." இந்த ஊரில் யாருக்கு எந்த இடம் என்பதைக் கல்யாண வீட்டில் கேமராக்காரரிடம் சொல்கிற மாதிரி அவ்வளவு பச்சையாக வேறு எங்கேயும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்து இடம். வெவ்வேறு ஊரில் எடுத்த துண்டுகளை ஒட்டினால் உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு புது இடம் உண்டாகிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவுட்டோர் கூட்டிப்போவோம். கோமுகி அணைப் பூங்காவில் பெண் படியிறங்கக் காலைத் தூக்குவாள். தூக்கிய காலைக் கல்வராயன் மலையில் பெரியார் அருவிப் பாறையில் வைப்பாள். நடுவில் மலைப்பாதை வளைவில் மாப்பிள்ளை வேனை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்ததெல்லாம் யாருக்குத் தெரியும்? அந்தக் கேசட்டைப் பார்த்த ஒரு குடும்பம் புளிச்சோறு கட்டிக்கொண்டு அணைக்குப் போய், பூங்கா முழுக்க அருவியைத் தேடிவிட்டு, நேராகக் கடைக்கு வந்து என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. "எங்க ஒளிச்சி வச்சிக்கினு இருக்கீங்க அந்த அருவிய?"

இரண்டாம் நாள் முகத்துக்கு வந்தார். ஒரே முகம், எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அதன் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டை ஒட்டினால் அவருக்குப் பசி என்கிறோம், பிணத்தை ஒட்டினால் துக்கம் என்கிறோம். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்த படம்தான் மாறியது.

பின்வரிசையிலிருந்து குறும்படம் எடுக்கிற ஒருவர் எழுந்தார். "அப்ப எடிட்டிங்கே ஒரு ஏமாத்து வேலதான சார்? வெட்டாம ஒரே ஷாட்ல எடுக்கறதுதான நேர்மை?"

"அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்" என்றார் வகுப்பெடுத்தவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டாமல் எடுத்தால் நேர்மை என்று சொல்வதற்கு முன்னால், எடுக்கிற இடத்தில் ஏற்கெனவே யாரை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? கை தூக்குவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

கேசட் காலம் அது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீடு சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற வீடு. பெண் களமருதூர்ப் பக்கம். அப்பா இல்லை. பெண் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்விட்டார். அம்மாதான் நடவு நட்டு, களை எடுத்து, சீசனுக்குக் கரும்பு வெட்டப் போய் அவளை ஆளாக்கியவர். தூரத்து உறவு, மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது, நடந்தது.

பந்தல் மாப்பிள்ளை வீட்டு வாசலில். சமையல் கொட்டாய் வீட்டுக்குப் பின்னால். தாரை வார்த்துக் கொடுக்க மேடையில் உட்கார்ந்தது பெண்ணின் தாய்மாமனும் அவர் சம்சாரமும். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அந்த வீட்டுக்குத் தலை. காலையிலேயே அவர் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு, "நீ பின்னாடி சமையல பாத்துக்கம்மா, முகூர்த்தம் முடியட்டும், அப்பறம் வரலாம்" என்றிருக்கிறார். அதட்டிச் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்து வை என்று சொல்கிற மாதிரி சொன்னார். தாலியறுத்தவள் தாலி கட்டும் இடத்தில் எதிரே நிற்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். யாரும் சொல்லாவிட்டாலும் அவர்களே போய்ப் பின்னால் நின்றுகொள்வார்கள். அதே குரலில் என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவைத்தார். "தாலி கட்டும்போது மேடய தவிர வேற எங்கயும் திருப்பாதீங்க தம்பி."

வீட்டுக்காரர் திருப்பவில்லை.

மறுவீடெல்லாம் முடிந்து, எந்தெந்த இடத்தில் என்னென்ன பாட்டு வேண்டும் என்று சொல்லப் பெண்ணும் மாப்பிள்ளையும் கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை டீ வாங்கக் கீழே இறங்கினார். அவர் செருப்புச் சத்தம் படியில் அடங்குகிறவரைக்கும் காத்திருந்து, அந்தப் பெண் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யக்கா, எங்கம்மா எங்கனா வராங்களா?"

"வருவாங்கம்மா, இரு" என்று சொல்லிவிட்டுக் கேசட்டை ஓட்டினேன். பெண்ணழைப்பில் இல்லை. நலங்கில் இல்லை. மேடையில் இல்லை. பரிசு கொடுக்கிற வரிசையில் ஊரே வந்தது, அவர் இல்லை. போட்டோவுக்கு நிற்கிற கூட்டத்தில் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. "இது எங்கம்மா கை மாரி கீது" என்றாள். அது வேறு யாருடையதோ.

கடைசியில் சமையல் கொட்டாயில் அகப்பட்டார். சாப்பாட்டுக் காட்சிக்கு முன்னால் போடலாம் என்று வீட்டுக்காரர் விடியற்காலையில் சும்மா எடுத்து வைத்த துண்டு. அரக்குப் புடவையில் அம்மா கையில் கரண்டியோடு நிற்கிறார். அப்போதுதான் வடித்த சோற்று அண்டாவை மூங்கிலில் மாட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, "சூடு, சூடு, வழி" என்று குறுக்கே போகிறார்கள். அண்டா படத்தில் இல்லை. அம்மாவின் முகம் மட்டும் இருக்கிறது. ஆவியில் கண்ணெல்லாம் ஈரம். அண்டா போகப் போக முகம் மெதுவாகத் திரும்புகிறது, உதடு லேசாகத் திறக்கிறது. யார் மேலேயும் கொட்டாமல் அண்டா இறங்கிவிட்டது போலிருக்கிறது. கண்ணை மூடித் திறந்து ஒரு பெருமூச்சு விடுகிறார்.

"இது மட்டுந்தானா?" என்றாள் பெண்.

"இது மட்டுந்தான்."

மாப்பிள்ளை டீயோடு மேலே வந்துவிட்டார். அவள் பாட்டுப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் மட்டும் வேறு எங்கேயோ இருந்தது.

என் தொழில் வழக்கம் ஒன்று உண்டு. தாலி கட்டும் இடத்தில் படத்தை மேடையிலேயே நிறுத்தி வைக்க மாட்டேன். மாப்பிள்ளையின் கை, நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம், அட்சதை போடுகிற கைகள், அதற்கப்புறம் கட்டாயமாகப் பெண்ணைப் பெற்றவளின் கண் கலங்கிய முகம். அந்த முகம் இல்லாமல் நான் ஒரு தாலிகூட முடித்ததில்லை. அந்தக் கண்ணீரில் பாதி வெங்காயத்தால் வந்தது, பாதி ஓமப் புகையால் வந்தது. சில நேரம் தாலி கட்டுவதற்கு முந்தின நாள் வேறு எதற்கோ அழுததை எடுத்துப் போட்டிருப்பேன். ஒரு வீட்டில்கூட இது பொய் என்று திருப்பி அனுப்பவில்லை. "எங்கம்மா எப்படி அழுவுது பாரு" என்று ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள்.

இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் அந்த இடம் காலியாகக் கிடந்தது. தாய்மாமன் சம்சாரம் மேடையில் கொட்டாவியை அடக்குகிற முகம்தான் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. அப்புறம் சோற்று அண்டாவைப் பார்த்த முகத்தை எடுத்தேன்.

மாப்பிள்ளையின் கை தாலியோடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகிறது. அம்மாவின் கண்ணும் அதே பக்கமாகத்தான் போகிறது. முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு. அங்கே வெட்டி, அம்மா முகம். மறுபடி கழுத்து, மூன்றாவது முடிச்சு. மறுபடி அம்மா, பெருமூச்சு. கெட்டி மேளச் சத்தத்தை எங்கேயும் நறுக்காமல் அவர் முகத்தின் மேலேயும் ஓடவிட்டேன். அந்தச் சத்தம் சத்தியமானது. மேளம் சமையல் கொட்டாய் வரைக்கும் கேட்டதுதானே? கேட்பதற்கு அவருக்கு யாரும் தடை போடவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. பந்தலில் மேடைக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டு, பெற்றவள் தன் பெண் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கிறாள்.

வீட்டுக்காரர் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"ஏம்மே, இது அண்டாவ பாக்கறதுதான?"

"ஆமா."

"அண்டா மாரியே தெரியலயே."

"தெரியக் கூடாது."

"அந்தப் பெரியவரு பாத்தா கேசட்ட நம்ம மூஞ்சியிலயே உட்டெறிவாரு."

"எறியட்டும். பிளாஸ்டிக்குதான, வலிக்காது."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெரியவர் சொன்னபடி கேமராவைத் திருப்பாமல் நின்றது அவருக்கும் எங்கேயோ உறுத்திக்கொண்டிருந்தது போல.

கேசட் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் மாப்பிள்ளை மழை பெய்த வரப்பில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் படுத்துவிட்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பொழுது போக டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்துக் கல்யாணக் கேசட்டைப் போட்டிருக்கிறார்கள். பெரியப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தாலி கட்டும் இடம் வந்ததும், "நிறுத்து" என்று கத்தினாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களை வரச் சொல்லி ஆள் வந்தது. வந்த ஆள்தான் விஷயத்தைச் சொன்னார். தாலி கட்டும்போது பெண்ணின் அம்மா எதிரே நின்றதால்தான் மாப்பிள்ளை கால் உடைந்தது என்று முடிவாகிவிட்டது. அம்மாவையும் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இனிமேல் மகளைப் பார்க்க அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நாலு பேர் முன்னால் சொல்லப் போகிறார்கள்.

மொபெட்டில் வீட்டுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு போகும்போது எனக்கு யோசனை ஓடியது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? அது ஒட்டு, அவங்க அங்கே நிற்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் அம்மா மேல் பழி இல்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

கூடத்தில் டி.வி.க்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். கட்டிலில் மாப்பிள்ளை, மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. சமையலறைக் கதவோரம் அந்தப் பெண். அம்மா உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார் பெரியப்பா. "நான் அவ்ளோ சொல்லியும் இந்தம்மா எதிர்ல வந்து நின்னுருக்குது. நீ அத பெருசா வேற காட்டிக்கினு இருக்க."

"அவங்க அங்க நிக்கலீங்கய்யா" என்றேன்.

கூடமே திரும்பிப் பார்த்தது.

"நிக்கலியா? இன்னா பேசற நீ?" என்று எழுந்தார் பெரியப்பாவின் சம்சாரம். "நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். சித்த தள்ளி நில்லும்மான்னுகூட சொன்னேன். காதுலயே போட்டுக்கல. மூணாவது முடிச்சுக்குப் பெருமூச்சு வேற உட்டா, எங்காதுல கேட்டுது!"

"அரக்குப் பொடவ" என்றார் சுவரில் சாய்ந்திருந்த ஒருவர். "நான் பந்தக்கால் கிட்டருந்து பாத்தேன். எனக்கு நேரா முன்னாடி வந்து மறைச்சிக்கினா."

பொய் சொல்கிற முகங்கள் இல்லை அவை. அவர்களுக்கு நிஜமாகவே ஞாபகம் இருந்தது. அணையில் அருவியைத் தேடிய குடும்பத்தை நினைத்துக்கொண்டேன்.

"அய்யா, அது சமையல் கொட்டாய்ல எடுத்தது. நான் கடையில ஒக்காந்து நடுவுல ஒட்டினேன்."

"கேமரா இன்னா பொய் சொல்லுமா?"

"கேமரா சொல்லாதுங்க. ஒட்டினது நானு."

எழுந்து போய்க் கேசட்டை ஓட்டி, அம்மா முகத்தில் நிறுத்தினேன். படம் கோடு கோடாக ஆடியது. "பின்னாடி பாருங்க. ஆவி போவுது பாருங்க. சோறு வடிக்கற ஆவி."

பெரியப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது ஓமப் புகை."

"கீத்துத் தட்டி தெரியுது பாருங்க."

"பந்தல்ல கீத்து இல்லாம? தங்கத் தகடா போட்டோம்?"

"கையில கரண்டி இருந்துதுங்கய்யா, கீழ. படத்துல வரல."

"படத்துல வராதது எங்களுக்கு எதுக்கு?" என்றார் பெரியம்மா.

வகுப்பில் சொன்னார்கள், ஒட்டு நடப்பது இயந்திரத்தில் இல்லை, பார்க்கிறவர் தலைக்குள்ளே என்று. எனக்கு அது அந்தக் கூடத்திலேயே தெரிந்துபோயிற்று. என் டெக்கில் ஒட்டியதை நானே பிரித்துவிடலாம். பெரியம்மாவின் தலையில் ஒட்டியதைப் பிரிக்க எந்தக் கடையிலும் மிஷின் இல்லை.

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "சரி. அந்தம்மாவே சொல்லட்டும். நான் அங்க நிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடட்டும். நீ அந்தத் துண்ட வெட்டிட்டு வேற கேசட்டு குடு. எல்லாத்தையும் மறந்துடலாம். எப்பவும்போல வரட்டும், போவட்டும்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் போதும். இந்த ஊரில் உண்மைக்கு இவ்வளவு சல்லிசாக வழி திறந்து நான் பார்த்ததில்லை.

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். நடவுக்கு இறங்குகிறவர்கள் அப்படித்தான் செருகுவார்கள்.

"நின்னேன்."

"இன்னா?"

"நின்னேங்க. எதிர்லயேதான் நின்னேன். இன்னா இப்ப?" குரலை ஏற்றாமல்தான் பேசினார். "அவ தவழ்ந்ததுலருந்து இந்தக் கண்ணுதான் அவள பாத்துக்கினு வருது. காய்ச்சல்ல கெடந்தப்ப பாத்துது. பள்ளிக்கூடம் போயி வர்றத பாத்துது. அப்பல்லாம் நல்ல கண்ணு. தாலி கட்ற அன்னிக்கு மட்டும் கெட்ட கண்ணா பூடுச்சா? பெத்தவ பாக்காம வேற யாரு பாக்கறது? மூணாவது முடிச்சு வுழுந்தப்பறந்தான் மூச்சு உட்டேன். அதுலயே வந்துருக்குதாமே, பாத்துக்குங்க."

நான் அம்மாவைக் காப்பாற்ற வந்தவள். என் உண்மையை அவர் கையில் கொடுத்தேன். அதை வாங்கி, வேண்டாம் என்று என் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டார். நிற்கவில்லை என்று சொன்னால் மகள் வீட்டுக்குள் வரலாம், மகள் கல்யாணத்திலிருந்து போய்விட வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

கட்டிலிலிருந்து மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "பெரிப்பா, நான் வழுக்கினது நம்ம வரப்புல. அந்த வரப்பு கல்யாணத்துக்கு வரவே இல்ல, வயல்லதான் கெடந்துச்சி. அத்தைய வுட்டுடு."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். பெரியப்பா யாரையும் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "நீ அந்தத் துண்ட வெட்டிக் குடுத்துடும்மா. ஊட்ல அது வேணாம்."

"வெட்ட மாட்டேங்கய்யா."

என் வாய்தான் சொன்னது. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். நிறுத்தத்தான் தொடுகிறார் என்று நினைத்தேன். அவர் முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"நீதானம்மா ஒட்டுன்னு சொன்ன இப்ப?"

"சொன்னேங்க. அவங்களே நின்னேன்னு சொன்னப்பறம் நான் யாரு வெட்டறதுக்கு?"

குறும்படம் எடுக்கிற அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில் இருக்கிறது. ஏமாற்று என்கிறாயே, யார் யாரை ஏமாற்றியது? அந்தக் கல்யாணத்தை ஒரே ஷாட்டில், துண்டு போடாமல், நாள் முழுக்க எடுத்திருந்தாலும் மேடையில் அம்மா இருந்திருக்க மாட்டார். கேமரா வருவதற்கு முன்னாலேயே அவரை வெட்டிச் சமையல் கொட்டாயில் போட்டாயிற்று. "நீ பின்னாடி பாத்துக்கம்மா" என்று ஒரு வார்த்தையில், கத்திரிக்கோல் சத்தம்கூடக் கேட்காமல் வெட்டினார்கள். நான் செய்தது, கீழே கிடந்த துண்டை எடுத்து அதன் இடத்தில் ஒட்டியது. அதற்கு ஏமாற்று என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கல்யாணம் வந்தாலும் அப்படித்தான் ஒட்டுவேன். அந்த வீட்டு வகையறாவில் அதற்கப்புறம் வந்த கல்யாணங்களுக்கு எங்களைக் கூப்பிடவில்லை. போகட்டும், மலைக்குப் போகிற வேன் வாடகை மிச்சம்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் பெரியப்பா மறுபடி வாய் திறப்பதற்குள், சமையலறைக் கதவோரம் நின்ற பெண் நகர்ந்தாள். பெரியம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்து, டி.வி.க்கு நேர் எதிரே போட்டாள். தரையில் அது கீச்சிட்டது.

"ம்மா, செருப்ப கழட்டிட்டு உள்ள வா. நீ இன்னும் இத பாக்கவே இல்லல்ல? வந்து ஒக்காரு."

அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். அனுமதிக்காக இல்லை, ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றினார். வாசல்படியை மிதித்து உள்ளே வந்தார். பெரியம்மா முட்டியை ஒதுக்கி வழி விட்டார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போனவர் முழுசாகப் போகவில்லை. வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். உள்ளேயிருந்து பார்த்தால் ஒரு தோளும் துண்டும் தெரிந்தது.

நான் கேசட்டை முகூர்த்தத்துக்கு ஓட்டிப் போட்டுவிட்டு, அம்மாவின் நாற்காலியோரம் உட்கார்ந்தேன்.

மேளம் கெட்டியாக விழுந்தது. மாப்பிள்ளையின் கை தாலியோடு எழுந்தது. நான் டி.வி.யைப் பார்க்கவில்லை, அதை நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அம்மாவைப் பார்த்தேன். தன் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். கண் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெதுவாகப் போனது. உதடு லேசாகத் திறந்தது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் கண்ணை மூடித் திறந்து பெருமூச்சு விட்டார். டி.வி.யிலும் விட்டார்.

பெரியம்மா ஜாடையாக என்னைப் பார்த்து, "அன்னிக்கும் இப்பிடியேதான் உட்டா" என்றார்.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு, காதோடு கேட்டார். "சோத்து அண்டாதான அது?"

"ஆமாம்மா."

"வாய வுட்டுடாத" என்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னொரு தபா போடும்மா. நான் நின்ன எடத்துலருந்து போடு."